46 மணி நேரக் கணக்கு

சேலம் கோட்டத்தில் சரக்கு ரயில் ஓட்டும் லோகோ பைலட்டுக்குப் பணி அழைப்பு நள்ளிரவிலும் வரலாம். விரைவு ரயில் ஓட்டுபவருக்குக் கால அட்டவணை உண்டு. அந்த இடத்தை எட்டப் பல்லாண்டுப் பணிமூப்பு வேண்டும். ஆக, பணிமூப்பு ஊதியத்தோடு உறக்கத்தையும் பங்கிடுகிறது. ஓடிய கிலோமீட்டருக்கேற்பப் படி கிடைப்பதால், ஓய்வே வருமான இழப்பாகத் தோன்றுகிறது.

1973-இல் ரயில் ஓட்டுநர்கள் போராடி, பத்து மணி நேர வேலைக்கு அரசின் வாக்குறுதியைப் பெற்றனர். 2024-இல் தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் எழுப்பிய கேள்வி எளியது: பணி முடிந்து ஊர் திரும்பியதும் தரப்படும் 16 மணி நேர ஓய்வு, 30 மணி நேரக் காலமுறை ஓய்வுக்குள் அடங்குமா, அதற்கு மேலானதா? மேலானதென்றால் 46 மணி நேரம். கூடுதல் ஆட்களும் வேண்டும். அந்தச் செலவை இன்று ஓட்டுநரின் உறக்கமே ஏற்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்பி அதை ரயில்வேயின் நிதிநிலை அறிக்கை ஏற்பதே முறை. பயணிகளின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.