ஆடி மாசம் வந்து வீட்டைப் பாருங்க

ரிட்டயர் ஆனதும் கம்பம் பள்ளத்தாக்குல ஒரு வீடு, பத்து சென்ட் தோட்டம் வேணும்னு கேக்குறீங்க. நல்ல ஆசைதான். ஆனா பொங்கல் லீவுலதான் வந்து பாக்குறீங்க. அப்ப காத்து கம்மி. ஓடைப்பட்டி பக்கம் பல காத்தாடி சும்மா நிக்கும். போட்டோ எடுத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடுறீங்க.

ஆடியில வாங்க. தென்மேற்குக் காத்து கணவாய் வழியா இறங்கி அடிக்கும். பகல்ல டிராக்டர் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. ஊர் அடங்கினப்புறம்தான் அந்த 'உஸ், உஸ்' காதுல விழும். ஒரு ராத்திரி தங்காம கையெழுத்துப் போடக்கூடாதுங்கிறது என் கட்சி.

மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல்படி வீட்டுல இருந்து 500 மீட்டர் தள்ளித்தான் காத்தாடி வைக்கணும். அது காத்தாடி வைக்கிறவருக்கு. காத்தாடிக்குப் பக்கத்துல நீங்களா போய் வீடு கட்டுனா? பழைய சின்னக் காத்தாடியை எடுத்துட்டுப் பெருசா வைக்க 2024-ல தமிழக அரசு கொள்கையே கொண்டுவந்தாச்சு. அதனால இன்னைக்கு ஓடாம நிக்கிறத நம்பாதீங்க.

காத்தாடியைக் குறை சொல்லல. கரண்ட் எனக்கும் வேணும், தோட்டத்து மோட்டார் ஓடணும்ல.

புரோக்கர் வாயைத் திறக்கமாட்டார். வி.ஏ.ஓ.கிட்ட, பஞ்சாயத்து ஆபீஸ்ல கேளுங்க. வில்லங்கம் போடுறப்ப உங்க சர்வே நம்பரோட நிறுத்தாம சுத்தியுள்ள நம்பருக்கும் போடுங்க. நிலம் கம்பெனி பேருக்குக் கிரயம் ஆகியிருந்தா அதுல வந்துடும். அதுக்கு முன்னாடியே டீக்கடையில சொல்லிடுவாங்க.