புரொசசர் கடைசிக் கேள்வி

ஹோம் தியேட்டர் வாங்குற கதை வந்தாலே எங்க செட்டுக்குள்ள சண்டைதான். டெனனா, மராண்ட்ஸா, யமஹாவா? 5.1 போதுமா, அட்மொஸ் வேணுமா? எங்கள் கருத்தை முதலே சொல்லிடுறோம்: கெலிஓயாவில் நாங்கள் இருக்கிற மாதிரி வீடுகளுக்குப் புரொசசரின் பெயர் கடைசிக் கேள்வி. அறைதான் முதல் கேள்வி.

சரவுண்ட் புரொசசருக்கு முக்கியமா ரெண்டு வேலை. ஒண்டு, படத்தோடு வரும் டொல்பி, டிடிஎஸ் குறியீட்டை அவிழ்த்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுப்பது. இதில் பெரிய வித்தியாசம் வர வழியில்லை. சிப் ஃபைல் ஒண்டை எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உள்ளே அதே அசைன்மென்ட் தானே? டொல்பி ட்ரூஎச்டியும் அப்படித்தான்.

மற்றது, மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்துவது. காதுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். யமஹாவில் வைபாவோ, ஒன்கியோவின் சில மொடல்களில் டிராக். டெனனும் மராண்ட்ஸும் 2002 இலேயே ஒரே கம்பனிக்குக் கீழ் வந்துவிட்டன. ரெண்டிலும் இருப்பது ஓடிஸிதான். அந்த ரெண்டுக்காகவும் நட்பை முறிக்கத் தேவையில்லை.

ஆனா எந்தத் திருத்தமும் அறையை வெல்லாது. 14 அடி நீளமான ஹோல் ஒண்டை எடுங்க. அந்த நீளத்துக்கு 40 ஹேர்ட்ஸ் அளவில் பேஸ் அலை சுவருக்குச் சுவர் மோதி நிலைச்சு நிக்கும். சுவரோரம் இடி மாதிரிக் கேக்கும், நடுவில் அதே சத்தம் காணாமப் போகும். கூடின சத்தத்தைப் புரொசசர் குறைக்கும். காணாமப் போனதை அதால நிரப்ப ஏலாது. சோஃபாவை ரெண்டடி தள்ளிப் போட்டால் நிரம்பலாம். அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

டைல் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். இப்படியான ஹோலில் கைதட்டிப் பாருங்க. சத்தம் கொஞ்ச நேரம் அங்கேயே சுத்தும். வசனமும் அப்படித்தான் குழம்பும். "என்ன சொன்னான்?" எண்டு உம்மா கேக்க, நாங்க ரிமோட்டை அமுக்க, அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீடே எழும்பும். தடித்த திரைச்சீலையும் கம்பளமும் போட்டு, நடு ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வசனத்தில் பெரும்பகுதி வருவது அந்த ஒரு ஸ்பீக்கரில்தான். 5.1 இல் பின் ஸ்பீக்கர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை, நடுவிலிருந்து 100 முதல் 120 பாகை. அதாவது கேட்பவரின் பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால். எங்க பக்கம் நிறைய வீடுகளில் அவை டீவிக்குப் பக்கத்திலேயே நிக்குது.

கடைக்குப் போனால் ஒரு விஷயம் கவனிங்க. கொஞ்சம் கூடின சத்தத்தில் ஓடும் பெட்டி எப்பவும் நல்லா இருக்கிற மாதிரியே கேக்கும். ரெண்டையும் ஒரே அளவு சத்தத்தில் போடச் சொல்லுங்க. குண்டு வெடிக்கிற காட்சி வேணாம். ரெண்டு பேர் மெதுவாப் பேசுற தமிழ்க் காட்சி ஒண்டு கேளுங்க.

தனிப் புரொசசர், தனி பவர் அம்ப் எண்டு வாங்குறதே வீண் எண்டு நாங்க சொல்லல்ல. பெரிய மண்டபம், 9 அல்லது 11 ஸ்பீக்கர் எண்டால் அது நியாயம். 14 அடி ஹோலுக்கு நடுத்தர ரிசீவர் ஒண்டே தாராளம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறின பிறகு, இந்தப் பெட்டிகளின் விலை விளையாட்டு இல்ல. பல வீடுகளில் அது வெளிநாட்டு வெயிலில் ஒராள் உழைச்சு அனுப்பின சல்லி. அதில் பெரும்பங்கை நல்ல ஸ்பீக்கருக்கும், கொஞ்சத்தை அறைக்கும் போடுங்க. மிஞ்சினதில் புரொசசர் பார்ப்போம்.