ஏறக் கூடாத எடை மெஷின்

ராஜபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று நிற்கிறது. ரயில்வே பிளாட்பாரங்களில் ஒரு காலத்தில் நின்றதே, அதே ஜாதி. சிவப்பு வர்ணம் பளபளக்கிறது. கண்ணாடிக்குள் பல்புகள் கண் சிமிட்டுகின்றன. ஆசையோடு காலைத் தூக்கினேன்.

"ஏறிடாதீங்க சார்!" என்று பதறினார் நண்பர். விளக்கு மட்டும் எரியும்படி வைத்துக்கொண்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டாராம்!

அடுத்தபடி அவர் குறி வைத்திருப்பது பின்பால் மெஷின். இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஸக்காரியா கம்பெனி 1970-களில் செய்தது. சாய்ந்த மேஜையில் இரும்புக் குண்டு ஓடும். மோதும் இடத்தில் மணி அடிக்கும். எண் சக்கரங்கள் சுழன்று கணக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் கிடையாது, ரிலேயும் கம்பிச் சுருளும் மோட்டாரும்தான் மூளை.

"அதையாவது ஆடுவீர்களா?" என்றேன்.

"தேய்ந்துபோகுமே சார்!"

இங்கேதான் எனக்குச் சண்டை. இந்த யந்திரங்கள் ஓடினால் தேய்கின்றன, வாஸ்தவம். ஓடாவிட்டால் செத்தே போகின்றன. பழைய கிரீஸ் பிசினாக இறுகுகிறது. ரிலே முனைகளில் களிம்பு ஏறுகிறது. தேய்ந்த பாகத்தை மாற்றிவிடலாம். மாற்றத் தெரிந்த கையே அற்றுப்போனால் என்ன செய்வது? சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் பிட்டர்கள் உள்ள மில் ஊரில் இருந்துகொண்டா இப்படிப் பயப்படுவது?

பக்கத்து ஊர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. தேய்ந்துவிடும் என்று அதைக் கொட்டகையில் பூட்டினால் ஊர் சும்மா இருக்குமா? இழுக்க வேண்டியிருப்பதால் அச்சையும் சக்கரத்தையும் பார்க்கிறார்கள். பார்ப்பதால் தேர் இருக்கிறது.

'இவர் வாங்காவிட்டால் காயலான் கடைக்கல்லவா போயிருக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். அதற்காக ஒரு கும்பிடு போடுகிறேன். ஆனால், நியூயார்க்கில் 1942-இல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தார்கள். மேயர் லாகார்டியா மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார். 1976 வரையில் அந்தத் தடை நீடித்தது. மேயர் சம்மட்டியால் செய்த காரியத்தை நண்பர் பட்டுத் துணியால் துடைத்துத் துடைத்துச் செய்கிறார்!

அந்த மெஷினின் அழகு சிவப்பு வர்ணத்திலா இருந்தது? காசு விழுந்ததும் வயிற்றுக்குள் 'கடகட'வென்ற ஓசை. 'டக்'கென்று விழும் சின்னஞ்சிறு அட்டை. ஒரு பக்கம் நடிகை, மறுபக்கம் எடையும் ஜோசியமும். எடை பொய்யாக இருக்கும், ஜோசியம் அதைவிடப் பொய்யாக இருக்கும். ஆனாலும் அட்டையைப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினோமே, அந்தக் குதூகலம் பொய்யா?

பத்துப் பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ரூபாய் நாணயத்துக்கும் அந்த மெஷின்கள் வாயைத் திறந்தவைதான்.

ஆகையால் நண்பரே, வெட்டின ஒயரை ஒட்டுங்கள். தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துங்கள். அடுத்த தடவை நான் கையில் காசோடு வருவேன், நிச்சயம் ஏறுவேன்.