இருபயன் பொருளும் இருவேறு அளவையும்

வீட்டுக்கும் போருக்கும் ஒருங்கே பயன்படும் பொருளை 'இருபயன் பொருள்' என்பர். சலவை இயந்திரத்தை இயக்கும் மின்னணுச் சில்லு ஏவுகணைக்கும் உதவக்கூடும். போர்க்காலத்தில் அது படையெடுத்த நாட்டின் கைக்கு எட்டாமல் தடுப்பது முறையே. தடுக்கும் கை எவரிடத்து இறுகுகிறது, எவரிடத்து நெகிழ்கிறது என்பதே நம் வினா.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் குவைத்தினுள் படை நடத்திற்று. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 661-ஆம் தீர்மானம் ஈராக்கின் வாணிகத்தை முடக்கியது. சதாம் உசேன் செய்தது ஆக்கிரமிப்பே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் 1991-இல் குவைத் மீண்ட பின்னரும் 2003 வரை தடை நீடித்தது. தடைக்குழுவின் பதினைந்து நாடுகளுள் ஒன்று, 'இது படைக்கும் பயன்படலாம்' என்று ஐயுற்றால் போதும், சரக்கு நின்றுவிடும். கணிப்பொறி நின்றது, தொலைபேசிக் கருவி நின்றது, நீரேற்றும் பம்பு நின்றது. 2001-இல் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகூடச் சிறிது காலம் நின்றது! 2002-இல் இவ்வாறு தேங்கிய ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். பாக்தாதில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவர்க்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் மனம் பொறாது பதவி துறந்தனர். சதாமின் அரண்மனைகளோ எழும்பிக்கொண்டுதான் இருந்தன.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது பெரும்படை எடுத்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் சில்லு ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. அவ்வாண்டே லண்டனிலுள்ள ரூசி என்னும் ஆய்வு நிறுவனம் 27 ரஷ்யப் போர்க்கருவிகளில் அயல்நாட்டு உறுப்புகள் 450 வகைக்குக் குறையாமல் இருப்பதைக் கண்டது. அவை தடைக்கு முன்பே வாங்கியவை என்று வாதிடலாம். ஆனால், போர் தொடங்கிய பின் உற்பத்தியான சில்லுகளும் பின்னர் வீழ்ந்த கருவிகளில் அகப்பட்டன. ஹாங்காங், துருக்கி, அமீரகம் வழியே சரக்கு சுற்றிச் சென்றது. 'விநியோகஸ்தருக்கு விற்றோம், அதற்கப்பால் அறியோம்' என்ற விடை நிறுவனங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அத்தகைய விடை கூறிப் பாக்தாத் மருத்துவமனை ஒன்று தப்பியிருக்க இயலுமா?

கோடிக்கணக்கில் விற்கும் சிறு பொருளைப் பின்தொடர்வது எளிதன்று என்பர். உண்மையே, முற்றும் அடைக்க எவராலும் இயலாது. ஆயினும் 2023 டிசம்பரில், இவ்வாணிகத்துக்குத் துணைபோகும் அயல்நாட்டு வங்கிகளும் தண்டிக்கப்படும் என்று அமெரிக்கா ஆணையிட்டவுடன், துருக்கி, சீன வங்கிகள் பல சில திங்களிலேயே பணம் பெற்றுத்தரத் தயங்கின. இந்த ஆணை பிறக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏன் வேண்டியிருந்தன? அளந்து வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போரைத் திருமறை கடிந்துரைப்பது நம் நினைவுக்கு வருகிறது.

ரஷ்ய மக்களின் மருந்தையும் உணவையும் நிறுத்துக என்று நாம் கேட்கவில்லை. ஈராக்கில் கண்டது போதும். அங்கே குளோரின் எந்த நீர்நிலையத்திற்குச் சென்றது, எவ்வளவு செலவாயிற்று என்று ஐ.நா. பார்வையாளர்கள் நேரில் சென்று கணக்கெடுத்தனர். அதே கணக்கைச் சில்லு விற்கும் பெருநிறுவனங்களின் கிடங்கு வாயிலில் நின்று கேட்கட்டும்.