மணியாச்சியில் ஏறி செங்கோட்டையில் இறங்கலாம்

தீபாவளித் தையல் முடிந்து கணக்குத் தீர்ந்தாலும் சரி, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று தெரிந்தாலும் சரி, புதியம்புத்தூரிலிருந்து வேன்கள் மேற்கே கிளம்பிவிடும். கூட்டாளிகள் தலைக்கு இவ்வளவு என்று போட்டு, விடியுமுன் ஏறி, புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை என்று கேரளத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புவார்கள். இதில் செங்கோட்டைக்குக் கிடைப்பது ஒரு புரோட்டாக் கடை, புனலூருக்கு அதுவும் இல்லை. என் வழக்கு இதுதான்: அந்த இரண்டு ஊர்களையும் பார்ப்பதற்காகவே வேன் பிடிக்கலாம். நம் கரிசல் வட்டாரத்தின் வரலாற்றில் பெரும்பங்கு எல்லை தாண்டியவர்களால் நடந்தது. அந்த எல்லைகளில் ஒன்று செங்கோட்டைப் பக்கம், இன்றும் ஒரே நாளில் போய்ப் பார்த்து வரலாம்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிரிட்டிஷ் மாவட்டத்து ஆள் அல்ல. அவர் பிறந்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அவர் வேலை பார்த்தது சமஸ்தானத்தின் வனத்துறையில், புனலூரில். துப்பாக்கி பழகியதோ பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதிலும், அவரை 1908இல் சிறைக்கு அனுப்பியதிலும் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதே வாஞ்சிநாதனின் கோபத்துக்கு வேர். நம் வாசலில் நடந்த கொலைக்கு இரண்டு அந்நிய எல்லைகளுக்குள் ஏற்பாடு நடந்திருக்கிறது. 1904லேயே மலையைக் குடைந்து கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்துவிட்டது. ஆட்கள் போய்வரத் தடையில்லை, ஆனால் போலீஸ் அதிகாரம் எல்லையோடு நின்றது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்தது, எல்லை புளியரைக்கு நகர்ந்தது. ஆனாலும் ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. புரோட்டாவுக்கு வண்டியை நிறுத்தும் பிரானூரையும் ஜனங்கள் இன்னும் ‘பார்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து மலை தாண்டி இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலத்தோடு புனலூர்.

பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் பக்கத்தில் கிடக்க, மலை தாண்டி என்ன வரலாறு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊர்களின் கதையும் எல்லையில்தான் போய் முட்டுகிறது. 1799இல் கட்டபொம்மன் தஞ்சம் தேடிப் போனது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமைக்கு. அங்கே பிடிபட்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலேறினார். தம்பி ஊமைத்துரைக்கு 1801இல் மருது சகோதரர்களின் சிவகங்கைச் சீமை இடம் கொடுத்தது. எட்டயபுரத்து பாரதிக்கு 1908இல் புதுச்சேரி கொடுத்தது. ஒரு எல்லை காட்டிக்கொடுத்தது, மற்றவை அடைக்கலம் தந்தன. கோட்டை மேட்டில் நின்று மட்டும் இது புரியாது.

அரை நாளில் ஊரைப் பார்த்தால் என்ன தெரிந்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். ஊர் முழுக்கத் தெரியாதுதான். ஆனால் சமவெளியின் வெக்கையும் கணவாயின் ஈரமும் அடுத்தடுத்து உடம்பில் படும்போது, இவ்வளவு கிட்டத்தில் வேறொரு அரசு இருந்ததா என்று யாருக்கும் தோன்றும். அதற்கு அரை நாள் போதும்.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் சனாதன தர்மத்தைப் பேசியது, மிலேச்சர் என்று ஏசியது. அவரைத் தேடிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போவது கும்பிடுவதற்காக அல்ல. தூத்துக்குடியில் ஆஷுக்குக் கட்டிய நினைவு மண்டபத்தையும் பார்த்துவிட்டு மணியாச்சி வழியாக மேற்கே போகலாம். வாஞ்சி வீரரா இல்லையா என்ற சண்டையை வேனுக்குள்ளேயே போடட்டும். புளியரை வரும்வரை அதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது.