மாடல் கார் ஏன் இவ்ளோ விலை? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்துக்கு காரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் தயாரானது இங்கேதான். ஆவடியில் ராணுவ டாங்க், தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் டயர், எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் கார்கள் என்று பட்டியல் நீளம். ஆனா உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாடல் கார் வேணும்னா, அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரணும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ அம்பத்தூரிலோ வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்கு இது முதல் சம்பளத்தில் தொடங்கும் ஆசை. சின்ன வயசில் கிடைக்காததை இப்போ வாங்குறாங்க. அதில் தப்பில்லை. ஆனா எதுக்கு எவ்வளவு கொடுக்கிறோம், அந்தப் பணம் எங்கே போகுதுன்னு தெரிஞ்சு வாங்கணும்.

முதலில் அளவு

டப்பாவில் 1:64, 1:24, 1:18 என்று இருக்கும். நிஜ காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்காங்க என்பதுதான் அது. 4.4 மீட்டர் நீள கார், 1:64-ல் சுமார் 7 சென்டிமீட்டர், 1:24-ல் 18 சென்டிமீட்டர், 1:18-ல் 24 சென்டிமீட்டர் வரும்.

வகை இரண்டு. துத்தநாகக் கலவை உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி, பெயின்ட் அடிச்சு முழுசா வருவது டை-காஸ்ட். 1968-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாட் வீல்ஸ் இந்த வகை. பிளாஸ்டிக் பாகங்களாக வந்து, நீங்களே வெட்டி ஒட்டி பெயின்ட் அடிக்க வேண்டியது கிட். ஜப்பானின் டமியா, ஜெர்மனியின் ரெவெல் இதில் பெரிய பெயர்கள்.

70 சதவீதம் எங்கிருந்து வந்தது?

சுங்கத்துறையின் அட்டவணையில் 9503 என்று ஒரு தலைப்பு இருக்கு. பொம்மை, மூணு சக்கர சைக்கிள், புதிர் விளையாட்டு எல்லாம் அதில் அடங்கும். அளவு சுருக்கிய மாடல்களும் அதே தலைப்பில்தான். அதாவது 30 வயசுக்காரர் மேசையில் வைத்து மூணு மாசம் செய்யும் கிட்டும், குழந்தையின் கிலுகிலுப்பையும் சட்டத்தின் கண்ணில் ஒரே சாமான்.

இந்தத் தலைப்புக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. 1,000 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு 700 ரூபாய் வரி. அதுக்கு மேல் ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம். கடைக்கு வரும்போது 2,000-ஐத் தாண்டிடும்.

அப்போ ஹாட் வீல்ஸ் மட்டும் எப்படி 200 ரூபாய்க்குள்ளே கிடைக்குது? லட்சக்கணக்கில் தயாராவது ஒரு காரணம். எங்கே தயாராகுது என்பது இன்னொன்று. மலேசியா, தாய்லாந்து போன்ற ஆசியான் நாடுகளோடும் ஜப்பானோடும் நமக்கு வர்த்தக ஒப்பந்தம் உண்டு. உரிய பிறப்பிடச் சான்று இருந்தால் வரி குறைய வழி இருக்கு. சீனாவுடன் அப்படித் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கிடையாது. ஒரே 1:64 அளவில் இரண்டு கார்களுக்கு இடையே இவ்வளவு விலை வித்தியாசம் ஏன் என்பதற்குப் பாதி பதில், டப்பாவின் பின்பக்கம் இருக்கும் நாட்டின் பெயர்.

நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கவனிக்க: 'கிஃப்ட்' என்று எழுதி வரி இல்லாமல் அனுப்பும் வழி 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விலக்கு. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்குத் தனி வரி விகிதம். பட்ஜெட்டில் அது மாறக்கூடியது என்பதால் ஆர்டர் போடும் முன் பார்த்துடுங்க.

'14+' என்று ஏன் போடுறாங்க?

2021 ஜனவரி 1 முதல் 14 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சேகரிப்பாளர்களுக்கான, 14 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்லாத பொருட்கள் அந்தத் தரநிலையின் வரம்பில் வராது. அதனால் '14+' என்பது வெறும் அலங்கார வரி இல்லை. சின்ன பாகங்கள், கூர் முனை, பெயின்ட் எதுவும் குழந்தைக்காகச் சோதிக்கப்பட்டதாக எடுத்துக்க முடியாது. வீட்டில் குட்டிப் பிள்ளை இருந்தால் அலமாரியின் மேல்தட்டுதான் சரி.

எம்ஆர்பி-க்கு மேல் கேட்டால்?

ஹாட் வீல்ஸ் 1995-லிருந்து 'ட்ரெஷர் ஹன்ட்' என்ற பெயரில் சில கார்களைக் குறைந்த எண்ணிக்கையில் கலந்து அனுப்புது. பெட்டி பிரிக்கும் முன்பே அதைப் பொறுக்கி எடுத்து, பல மடங்கு விலைக்கு இணையத்தில் விற்கும் கூட்டம் இங்கேயும் வளர்ந்திருக்கு.

* அச்சிட்ட எம்ஆர்பி-க்கு மேல் கடைக்காரர் விற்பது 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி குற்றம். பில் வாங்குங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிலும் புகார் தரலாம்.
* இறக்குமதியாளர் பெயர், முகவரி, விலை உள்ள ஸ்டிக்கர் இல்லையா? அது முறையான வழியில் வந்த சரக்கா என்று சந்தேகப்படலாம்.
* அடிப்பாகத்தில் உள்ள ஆண்டைக் காட்டி 'பழைய கார்' என்று விலை ஏற்றுவாங்க. அது அந்த வடிவமைப்பின் காப்புரிமை ஆண்டு. தயாரான ஆண்டு இல்லை.
* 'பத்து வருஷத்தில் விலை ஏறும்' என்பதை நம்பி இஎம்ஐ போடாதீங்க. அரிய மாடல் ஏறலாம். உங்க கையில் இருப்பது அரியது என்று யார் சொன்னது? பெரும்பாலும் விற்றவர்தான்.

பெயின்ட், பசைக்கு எங்கே போவது?

தின்னரும் ஸ்ப்ரே கேனும் தீப்பிடிக்கும் பொருட்கள். தபாலில் அனுப்பக் கூடாது. இங்கே நம்ம ஏரியாவே கை கொடுக்கும். டிங்கரிங் பட்டறைகள் வாங்கும் அதே கடையில் 400 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர், பட்டி, பிரைமர் எல்லாம் கிடைக்கும். ஆனா காருக்கான தின்னர் கிட் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தின் ஒரு துண்டில் முதலில் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி பாகங்களுக்கு இன்ஸ்டன்ட் பசை வேண்டாம், வெள்ளையாகப் பூத்துடும்; சாதாரண வெள்ளைப் பசை போதும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்க.

நகரத்துக்குப் போகணும்னா திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி இரண்டு பாதையின் மின்சார ரயிலும் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறக்கிவிடும். 1985-ல் தீயில் அழிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. அங்கிருந்து பாரிமுனை பொம்மைக் கடைகளும், எல்இடி வாங்க ரிச்சி தெருவும் பக்கம்தான்.

நம்ம பார்வை

வரி உயர்வால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. அரசுக் கணக்குப்படி பொம்மை இறக்குமதி 2018-19-ல் 37 கோடி டாலர்; 2021-22-ல் 11 கோடி. தரமில்லாத பொம்மைகள் குழந்தைகள் கைக்குப் போகாமல் தடுப்பது அவசியமும்கூட. ஆனா பெரியவர்களுக்கான கிட்டையும் அதே வலையில் பிடிப்பதால் எந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு? நேர்மையாக இறக்குமதி செய்யும் சின்னக் கடைக்காரர் ஒதுங்கிக்கிறார். பில் இல்லாமல் விற்பவருக்கு வசதியாகிறது. அசெம்பிள் செய்ய வேண்டிய அளவு மாடல்களுக்கு 9503-க்குள்ளேயே தனிப் பிரிவும் குறைந்த வரியும் தருவதுதான் நியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1960-களின் கடைசியில் பிரிட்டனின் டிங்கி கார்களின் பழைய அச்சுகள் கொல்கத்தா வந்து 'நிக்கி டாய்ஸ்' ஆனது. பிறகு லியோ நிறுவனம் இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் தயாரித்தது. அவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குறாங்க. டை-காஸ்டிங், டூல் ரூம் அனுபவம் அம்பத்தூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை இருக்கு. அச்சு வடிவமைக்கக் கற்றுத்தரும் சிப்பெட் கிண்டியில் இருக்கு. ராணிப்பேட்டையில் ஃபன்ஸ்கூல் பொம்மை தயாரிக்குது. குறைவது அச்சுக்கான ஆரம்ப முதலீடும், கார் நிறுவனங்களின் உரிமமும்தான். 70 சதவீத வரிச் சுவர் கட்டிய அரசு, அந்தச் சுவருக்கு உள்ளே இதுக்கும் வழி செய்யணும். அதுவரை அந்த வரி, உள்ளூர்த் தொழிலைக் காப்பதைவிட வாங்குபவரின் பர்ஸைத்தான் அதிகம் கரைக்கும்.