வேலியா? துப்பாக்கியா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு மலை என்றால் அழகு, மழை, ஆற்று நீர். ஆனால் மலையை ஒட்டி உழுது பயிரிடும் குடியானவருக்கு அதே மலை இரவுநேரக் கவலையும் ஆகும். இராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோயில் பக்கத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்திலும் காடு முடியும் இடத்திலேயே தோப்பும் வயலும் தொடங்கிவிடுகின்றன. அங்கே விளைவதைத் தேடிப் புள்ளிமானும் மிளாவும் காட்டுப்பன்றியும் இறங்கி வருகின்றன. மான் தளிரைக் கடித்துவிட்டுப் போகிறது. பன்றியோ வேரோடு கிளறிப் போடுகிறது. மாதக்கணக்கில் பாடுபட்ட வெள்ளாமை ஓர் இரவில் போய்விடுகிறது.

இதற்கு என்ன வழி? "குடியானவர் கையில் நல்ல ரைபிள் துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள், தொல்லை தானே ஒழியும்" என்று சொல்வோர் உண்டு. "வாயில்லா ஜீவனைக் கொல்வதா?" என்று பதறுவோரும் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்விரு கட்சிகளையும் எடுத்துப் பேசிப் பார்த்தோம். எங்களுள் மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். பஞ்சாலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆகவே பேச்சு சூடாகவே இருந்தது. முடிவில் நாங்கள் கண்ட கருத்தை இங்கு வைக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் இருந்துகொண்டு மானுக்காக இரக்கப்படுவது மிக எளிது. அரிசியையும் பருப்பையும் கடையில் வாங்குகிறவருக்கு மான் அழகிய விலங்கு. அதை வயலில் சந்திக்கிறவருக்கு அது கடன் தவணை. வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று படிக்கிறோம். அது அவனுடைய சொந்தப் போர்வை. நாமோ பிறருடைய வயலைக் கொடுத்துவிட்டு, "நாங்கள் இரக்கமுள்ளவர்கள்" என்று பெருமை கொள்ளலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். பயிருக்குச் சேதம் செய்யும் சில விலங்குகளைச் சுடுவதற்கு உரிய அதிகாரி எழுத்து மூலம் அனுமதிக்கலாம் என்ற விதியும் அதிலேயே உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பார்த்தால், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியைத்தான்.

ரைபிள் வேண்டும் என்போர் இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்கள். "பழைய துப்பாக்கி குறி தவறும். காயம்பட்ட விலங்கு நாட்கணக்கில் துடிக்கும். காயம்பட்ட பன்றி மனிதர் மீதே பாயும். ஒரே குண்டில் உயிர் போக்கும் ரைபிள்தானே இரக்கமுள்ள ஆயுதம்?" இதை நாங்கள் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனாலும் மூன்று காரணங்களால் இதை ஏற்க முடியவில்லை.

முதற்காரணம் குண்டு போய்ச் சேரும் தொலைவு. ரைபிள் குழலின் உட்புறம் திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அதனால் குண்டு சுழன்றபடி நேராகவும் நெடுந்தூரமும் பாயும். சிறு குண்டுகளைச் சிதறச் செய்யும் ஷாட்கன் என்றால் அவை சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். வலிமை மிக்க ரைபிளின் குண்டோ இரண்டு மூன்று கிலோமீட்டர் வரைகூடச் செல்லக்கூடும். வேட்டை ஒரு பொழுதுபோக்காகவே உள்ள அமெரிக்காவிலும், சமவெளியும் குடியிருப்புகளும் மிகுந்த ஓகையோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கு நெடுங்காலம் ரைபிளை அனுமதிக்கவில்லை. நம் ஊர் நிலை என்ன? மான் வருவது இரவில். ஒரு தோப்பில் ஒருவர் காவல் இருந்தால், அடுத்த தோப்பிலும் ஒருவர் காவல் இருப்பார். இருட்டில் சலசலப்பைக் கேட்டுச் சுடும் குண்டு மானைத்தான் தேடிப் போகும் என்று யார் உறுதி கூறுவார்?

இரண்டாம் காரணம், துப்பாக்கி யாருக்கு உதவும் என்பது. காட்டுப்பன்றிகள் தொடர்பாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் இதைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத்தான் சேதம் அதிகம். அவர் நிலமோ அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது! மிகுதியாக நஷ்டப்படுகிறவருக்குத் துப்பாக்கி கொஞ்சமும் உதவாது. அவருக்கு வேறு வழி தேட வேண்டியது கட்டாயமாகிறது.

மூன்றாம் காரணம், சுட்டால் தொல்லை தீரும் என்பது நம்பிக்கையே தவிர அனுபவம் அன்று. பீகாரில் நீல்காய் எனப்படும் பெரிய மான் போன்ற விலங்கு பயிரை அழித்து வந்தது. 2015 டிசம்பரில் மத்திய அரசு அம்மாநிலத்தின் சில மாவட்டங்களில் அதைத் தீங்கு செய்யும் பிராணியென அறிவித்தது. 2016 ஜூனில் மோகாமா பகுதியில் வெளியூர் வேட்டைக்காரர்களைக் கொண்டு 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். தொல்லை தீர்ந்ததா? அதன் பின்னரும் ஆண்டுகள் பல அங்கே சுடும் வேலை தொடரவே செய்தது. நம் காடோ 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. மிளாவும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் புலியின் உணவு. அவற்றை ஒழித்துவிட்டால் புலியும் சிறுத்தையும் யார் வீட்டுத் தொழுவத்தை நாடும்?

அப்படியானால் "கொல்லாதே" என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவிவிடலாமா? கூடாது. கைவிடப்பட்ட மனிதன் விபரீதத்தில் இறங்குகிறான். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்கிறது. பழத்துக்குள் அவுட்டுக்காய் வைக்கப்படுகிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. பன்றிக்குப் போட்ட வேலியில் யானை சாகும், பக்கத்து வயல்காரரும் சாகலாம்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. ஒன்று, கொல்லாமல் சிறு அதிர்ச்சி மட்டும் தரும் சூரியமின்வேலி. அதையும் தனித்தனி வயலுக்குப் போடாமல் ஊர் முழுமைக்கும் சேர்த்துப் போட வேண்டும். வசதியுள்ளவர் மட்டும் வேலி போட்டால் விலங்கு ஏழையின் வயலுக்குத்தானே திரும்பும்? யானை நடமாடும் தடத்தை மட்டும் திறந்து விட்டுவிட வேண்டும். இரண்டு, இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். விதைப்பு தவறிய பிறகு வரும் பணம் உலர்ந்த பயிருக்குப் பெய்த மழை. மூன்று, இரவுக் காவலுக்குக் கூலி. அக்காலத்தில் பரண் மீதேறித் தினைப்புனம் காத்தவர்கள் எங்கள் வயதுப் பெண்களே என்று குறிஞ்சிப் பாட்டுகளில் படிக்கிறோம். இன்றும் காவல் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் தருவதில் தவறென்ன? 2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற நம் ஊர் இராஜபாளையம் நாய், பன்றி வேட்டைக்குப் பெயர் போனது. வேலிக்குள் கட்டிய காவல் நாயாக அதன் குரல் ஒன்றே போதுமே!

இதற்கெல்லாம் பணம் ஏது என்று பெரியோர் கேட்கலாம். மான் யாருடையது என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். அது நாட்டின் செல்வம் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. செல்வம் எல்லோருக்கும் பொது என்றால், அது மேய்ந்த வயலின் நஷ்டமும் எல்லோருக்கும் பொதுதானே? நஷ்டத்தை மட்டும் ஒரு குடியானவர் தலையில் வைத்து, கையில் துப்பாக்கியையும் கொடுத்து, "உன் பாடு" என்று ஒதுங்குவது நீதியாகாது.

மானைக் காக்க விரும்பும் நாம் முதலில் அதன் பக்கத்து வயல்காரரைக் காப்போம். அவர் நிம்மதியாக உறங்கினால் மலையில் மானும் நிம்மதியாக உறங்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியர் சார்பில்